மீசை எடுத்த மச்சானுக்கு

இல்லைங்க மச்சான், இந்த ஒரு விஷயத்தில் உங்களை நான் விடுவதாக இல்லை. போய்ச் சேர்ந்துவிட்டவரிடம் என்ன சண்டை என்று கேட்பீர்கள். போனது நீங்கள்தான், உங்கள் வாய் போகவில்லையே! நீங்கள் ஊரெல்லாம் சொல்லித் திரிந்த ஒரு பேச்சு இன்னும் என் வீட்டுக்குள் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறது. எழுப்பினால் எழுந்திருக்க மாட்டேன் என்கிறது. அதைப் பெற்றவர் நீங்கள். நீங்களே வந்து கூட்டிக்கொண்டு போங்கள்.

இன்று காலை நடந்ததைக் கேளுங்கள். தண்ணீர்த் தொட்டி ஓரமாக நின்று உங்கள் தங்கச்சி பல் விளக்கிக்கொண்டிருந்தாள். நான் மாட்டுக்குத் தண்ணீர் எடுக்கப் போனேன். என்னைப் பார்த்ததும் அவசரமாக ஒரு சொம்புத் தண்ணீரைத் தரையில் ஊற்றினாள். நாற்பது வருஷம் லாரி ஓட்டியவன் கண் சும்மா கண்ணா? எங்கே ஒரு சொட்டு ஆயில் ஒழுகினாலும் நின்ற இடத்திலிருந்தே பிடித்துவிடுவேன். சிமெண்டுத் தரையில் தண்ணீர் ஓடின வழியெல்லாம் இளஞ்சிவப்பு.

"ஏம்புள்ள, ரத்தமா?"

"ரத்தமுமில்ல, ஒண்ணுமில்லீங்க. பேஸ்ட்டு செவப்பு."

"நம்மூட்டுப் பேஸ்ட்டு வெள்ளை புள்ள."

"ஏனுங்க, காலங்காத்தால போலீசு வேலைக்குக் கெளம்பீட்டீங்களா? போயி மாட்டைப் பாருங்க."

நான் மாட்டைப் பார்க்கவில்லை, அவள் வாயைப் பார்த்தேன். காட்ட மாட்டேன் என்று முகத்தைத் திருப்பினாள். ஒரு ஜோக்குச் சொல்லிச் சிரிக்க வைத்துப் பார்த்துவிட்டேன். அந்த வித்தை எனக்குத் தெரியும். கீழ் ஈறு வீங்கிச் சிவந்து கிடக்கிறது. ஒரு பல் லேசாக அசைகிறது. கடலைக்காயை முன்பல்லால் டக்கென்று உடைத்துப் போடுகிறவள், பொங்கலுக்குப் பிறகு விரலால் நசுக்கிக்கொண்டிருக்கிறாள். நானும் ஏதோ நாகரிகம் கற்றுக்கொண்டாள் என்றுதான் நினைத்தேன். போன வருஷம் சர்க்கரை வேறு வந்திருக்கிறது. அது உங்கள் குடும்பச் சீதனம். கல்யாணத்தின்போது பாத்திரம் பண்டமெல்லாம் எடுத்துக் காட்டினீர்கள், இதை மட்டும் காட்டவில்லை.

"இன்னிக்கு நாலு மணிக்குப் பல்லு டாக்டரம்மாகிட்டப் போறம்" என்றேன். உங்கள் தங்கச்சி இடுப்பில் கை வைத்துக்கொண்டு சொன்ன பதில் இது:

"எங்கண்ணன் என்ன சொல்லீருக்குது? டயருக்கு அடியில வெச்ச கல்லை உருவுனா வண்டி நிக்குமா, உருளுமா? நா வரலீங்க. ஆடுனா ஆடீட்டுப் போகுது. அங்க போயி கல்லை எடுத்து இருக்கறதையும் கொட்டிக்க நானென்ன கிறுக்கியா?"

நீங்கள் சொன்னால் அவளுக்கு வேதம். நான் சொன்னால் ஹாரன் சத்தம். இதுதான் மச்சான் எனக்கும் உங்களுக்கும் இன்றைய தகராறு. நான் எட்டாவதைப் பாதியில் விட்டவன். ஆனாலும் பேரனின் பழைய நோட்டை எடுத்து, மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு எழுதுகிறேன் என்றால், அவள் பல்லுக்காகத்தான்.

உங்களுக்கு அந்தப் பேச்சு எப்படி வந்தது என்பதிலிருந்து ஆரம்பிக்கிறேன். நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். ஆனால் கதையை உங்களுக்குச் சாதகமாக மாற்றிச் சொல்லுகிறவர் நீங்கள்.

சங்ககிரியிலிருந்து நாக்பூருக்கும் அதற்கு அந்தப் பக்கமும் ஒரே லாரியில் பதினெட்டு வருஷம் ஓட்டினோம். நீங்கள் ஓட்டும்போது நான் தூங்குவேன், நான் ஓட்டும்போது நீங்கள் எனக்கு வண்டி ஓட்டச் சொல்லிக்கொடுப்பீர்கள். மாப்பிள்ளையை மரியாதைக் குறைவாகப் பேசக்கூடாது என்பது உங்கள் வீட்டுப் பழக்கம். அதனால் எவ்வளவு கேவலமாகத் திட்டினாலும் கடைசியில் ஒரு 'ங்க' போட்டுத்தான் திட்டுவீர்கள்.

"மாப்ள, சித்த வாயை அந்தப் பக்கம் திருப்புங்க. நாறுதுங்க."

"என்ற வாயா, உங்க வாயாங்க மச்சான்? நடுவால ஒருத்தரை உக்கார வெச்சுக் கேப்போமுங்களா?"

"உக்காந்தவரு பொழைக்கோணுமல்லொங்க."

இரண்டு வாயும்தான் நாறியது. ரோட்டோரக் குழாயில் புகையிலைத்தூளை விரலில் தொட்டு நாலு இழுப்பு இழுத்தால் பல் விளக்கியாகிவிட்டது. அப்புறம் பீடி. தார்ப்பாய்க் கயிற்றில் முடிச்சு இறுகாவிட்டால் நீங்கள் பல்லால் கடித்து இழுப்பீர்கள். கை வலித்தால் பல், பல் வலித்தால் கை என்று மாற்றி மாற்றி வேலை வாங்கினீர்கள். விரலை எடுத்தால் ரத்தம் இருக்கும். ரத்தம் வந்த இடத்தை அப்புறம் தொடவே மாட்டீர்கள்.

"புண்ணைப் போயி யாராச்சும் நோண்டுவாங்களா மாப்ள? அது பாட்டுக்கு ஆறட்டுமுங்க."

நானும் அது சரி என்றுதான் தலையாட்டினேன். முட்டியில் அடிபட்டால் அப்படித்தானே விடுகிறோம். ஈறு முட்டியில்லை என்று நமக்கு யார் சொன்னார்கள்? தொடாமல் விட்ட இடத்தில்தான் ஊத்தை சேர்ந்து, இறுகி, காரையாகி, கல்லாகி, ஈறுக்கு அடியில் இறங்கி உட்கார்ந்துகொண்டது. வலித்திருந்தால் பயந்திருப்பீர்கள். அது வலிக்கவே இல்லை. சத்தம் போடாமல் கெட்டுப்போகிற பாகம்தான் வழியில் ஆளை நிறுத்தும் என்று மெக்கானிக் ஷெட்டில் நீங்களே சொல்லுவீர்கள்.

முதல் பல் ஒரு டீக்கடையில் பன்னோடு வந்தது. அப்போதும் நீங்கள் சிரித்தீர்கள். பன்னுக்குள் கல் இருக்கிறது என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போய், கையில் வாங்கிப் பார்த்த பிறகு, "மன்னிச்சுக்குங்க, நம்ம சரக்குதான்" என்று சொல்லிவிட்டு வந்தீர்கள். அடுத்தது, அதற்கடுத்தது. எல்லாவற்றையும் தீப்பெட்டியில் போட்டு டேஷ்போர்டில் வைத்திருந்தீர்கள். யாராவது பல்லைப் பற்றிப் பேசினால் போதும், பெட்டியைத் திறந்து காட்டுவீர்கள்.

"நல்லாப் பாருங்க. ஒரு ஓட்டை, ஒரு சொத்தை இருக்குதுங்களா? பல்லு நல்ல பல்லு. வாய்தான் ராசியில்ல."

யாரோ சொன்னார்கள் என்று ஒருநாள் எங்கேயோ போய்ப் பல்லைச் சுத்தம் பண்ணிக்கொண்டு வந்தீர்கள். வந்த ஒரு மாதத்துக்குள் மூன்று பல் வரிசையாகக் கீழே வந்தது. அன்றைக்குப் பிறந்ததுதான் அந்தப் பேச்சு. லாரி ஸ்டாண்டில் நின்று ஒரு பிரசங்கமே வைத்தீர்கள்.

"மேட்டுல வண்டியை நிறுத்துனா டயருக்கு அடியில கல்லு வெக்கிறமல்லொ? பல்லுக்கும் சாமி அப்பிடித்தான் கல்லு வெச்சிருக்குது. அதையப் போயி உருவுனா?"

சுற்றி நின்ற அத்தனை டிரைவரும் ஆமாங்க, ஆமாங்க என்றார்கள். மேட்டில் வண்டி நிறுத்திப் பழகின ஆளுக்கு இதைவிடப் புரிகிற பாஷை ஏது? அன்றிலிருந்து நம் ஸ்டாண்டில் ஒருத்தரும் பல் டாக்டர் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. உங்கள் தங்கச்சிக்கும் சமையல்கட்டில் உட்கார்ந்து அதையே சொன்னீர்கள். அவள் அதைப் பத்திரமாக முடிந்துவைத்துக்கொண்டாள்.

கடைசிப் பல்லும் போன பிறகு பல் செட்டு கட்டிக்கொண்டீர்கள். டயர் கடைக்கு மேல் மாடியில் புதிதாக வந்திருந்த டாக்டரம்மாவிடம். புதுப் பல்லோடு முதல் தடவை நீங்கள் சிரித்தபோது எனக்கு யாரோ வேற்றாள் வந்து நிற்கிறார் என்று தோன்றியது. "என்னுங்க மச்சான், ஷோரூம் வண்டி மாதிரி இருக்கறீங்க" என்றேன். "நீங்களும் சீக்கிரம் ஷோரூமுக்கு வந்துருவீங்க மாப்ள" என்றீர்கள். அப்போது அதைக் கிண்டல் என்றுதான் எடுத்துக்கொண்டேன்.

உங்கள் பேத்திக்குக் காது குத்திய அன்றைக்கு வருகிறேன். விருந்து முடிந்து உங்கள் தோட்டத்தில் ஒறம்பரை வந்த சொந்தக்காரர்கள் எல்லாம் கட்டிலில் சாய்ந்திருந்தார்கள். நான் கொய்யா மரத்தடியில் நின்று ஒரு பழத்தைப் பறித்துக் கடித்தேன். நீங்கள் உங்கள் செட்டைத் தடவிக்கொண்டே என் கையைப் பார்த்தீர்கள்.

"மாப்ள, அது வெள்ளைக் கொய்யா மரமுங்க."

"தெரியுமுங்க."

"அப்பறம் பழம் எப்பிடிச் செவப்பா இருக்குது?"

பார்த்தேன். கடித்த இடத்தில் பல் பதிந்த தடமெல்லாம் ரத்தம். "செவப்புக் கொய்யா ஒண்ணு தப்பிக் காய்ச்சிருக்குதுங்க" என்றேன். நீங்கள் சத்தம் போட்டுச் சிரித்து எல்லோரையும் எழுப்பிவிட்டீர்கள். அப்புறம் அத்தனை பேர் முன்னாலும், மீசையை ஒரு முறுக்கு முறுக்கிக்கொண்டு பந்தயம் கட்டினீர்கள்.

"எங்க மாப்ளைக்கும் ஈறு போச்சு. கேட்டுக்குங்க எல்லாரும். இவரு டாக்டருகிட்டப் போயிக் கல்லை எடுத்தாருன்னா, ஆறே மாசத்துல மூணு பல்லு கொட்டும். கொட்டலீன்னா என்ற மீசையை எடுத்துக்கறேன். ஆனா ஒண்ணுங்க, இவரு போகமாட்டாரு. ஊசியைக் கண்டா மாப்ளைக்கு வேட்டி நிக்காது."

போகமாட்டேனா? மறுநாள் காலை டயர் கடை மாடிப்படியில் முதல் ஆளாக உட்கார்ந்திருந்தவன் நான். பல்லைக் காப்பாற்றவா போனேன்? உங்கள் மீசையை எடுக்கப் போனேன்.

டாக்டரம்மா சின்ன வயது, என் மகளைவிட இளையவர். ஒரு மெல்லிய கம்பியை ஒவ்வொரு பல் ஓரத்திலும் ஈறுக்குள் விட்டு ஆழம் பார்த்தார். டேங்கில் குச்சி விட்டு டீசல் பார்ப்போமே, அதே மாதிரி. அப்புறம் எக்ஸ்ரே எடுத்துக் காட்டினார்.

"பல்லுல ஒண்ணும் கொறையில்லீங்க ஐயா. பல்லைப் புடிச்சிருக்கற எலும்புதான் எறங்கிப்போச்சு."

"ரோடு நல்லாருக்குது, பாலம் வீக்குங்கறீங்க."

"கரெக்ட்டுங்க. பீடி குடிப்பீங்களா?"

"எப்பவாச்சுமுங்க."

"பீடி குடிக்கறவங்களுக்கு ஈறுல ரத்தம் கம்மியாத்தான் வரும். உள்ள கெடறது வெளிய தெரியாது. உங்களுக்கே இவ்வளவு வருதுன்னா, நீங்க எப்பவாச்சும் குடிக்கறதில்ல."

அவ்வளவு மரியாதையாக என்னைப் பொய்யன் என்று சொன்ன ஆள் உங்களுக்கு அப்புறம் அவர்தான். "மூணு பல்லு கொட்டுமா, கொட்டாதா? அதை மட்டும் சொல்லுங்க" என்றேன். போன எலும்பு திரும்பி வராது, ஆனால் இருப்பதை நிறுத்தி வைக்கலாம், பாதி வேலை அவருடையது, பாதி என்னுடையது என்றார்.

நாலு தடவை போனேன். மரத்துப்போகிற ஊசி போட்டு, ஈறுக்கு அடியிலிருந்த கல்லையெல்லாம் சுரண்டி எடுத்தார். ஊசி போட்டபோது வேட்டி நின்றது. அதை உங்களிடம் தனியாக ஃபோன் போட்டுச் சொன்னேன், ஞாபகம் இருக்கிறதா? பீடிக் கட்டை மாடிப்படியிலேயே விட்டேன். பல் விளக்கவும் அறுபது வயதில் புதிதாகக் கற்றுக்கொண்டேன். அலுமினியச் சட்டி தேய்க்கிற மாதிரி தேய்த்து ஒரே வாரத்தில் பிரஷ்ஷை மல்லாத்திவிடுகிறவன் நான். மெதுவான பிரஷ்ஷை ஈறு ஓரத்தில் சாய்த்துப் பிடித்து, சின்னச் சின்னதாக அசைக்க வேண்டும் என்றார். காலையில் ஒரு தடவை, சாப்பிட்டுப் படுக்கும் முன் ஒரு தடவை. பல் சந்துக்கு ஒரு குட்டிப் பிரஷ் கொடுத்தார். பாட்டில் கழுவுகிற பிரஷ்ஷுக்குப் பேரப்பிள்ளை பிறந்தால் இப்படித்தான் இருக்கும். ரத்தம் வருகிற இடத்தைத்தான் விடாமல் விளக்க வேண்டும் என்று அவர் சொன்னபோது எனக்கு உங்கள் ஞாபகம் வந்தது. நாம் இரண்டு பேரும் எந்த இடத்தைத் தொடக்கூடாது என்று விட்டோமோ, அந்த இடம்.

உங்கள் ஃபோனும் அன்றிலிருந்துதான் ஆரம்பம். சாயந்தரம் சாப்பிட்டுக் கை கழுவினால் போதும், அடிக்கும்.

"மாப்ள, இன்னிக்கு எத்தன விழுந்துச்சுங்க?"

"ஒண்ணும் விழலீங்க மச்சான். மீசைக்கு எண்ணெய் போட்டு வையுங்க."

"வௌக்காமப் படுத்துருப்பீங்களே?"

"இப்பத்தானுங்க வௌக்கப் போறேன்!"

"பொய்யி. சந்துக்கு விடற பிரஷ்ஷை எடுத்தே இருக்கமாட்டீங்க. சோம்பேறிங்க நீங்க."

உங்கள் பேச்சைப் பொய்யாக்க வேண்டும் என்ற வெறியிலேயே எழுந்து போய் விளக்குவேன். சந்து பொந்தெல்லாம் விடுவேன். நடுவில் ஒரு மூன்றாவது வாரம் எனக்கு நிஜமாகவே பயம் வந்துவிட்டது. நாக்கால் தடவினால் பல்லுக்குப் பல் ஜன்னல் திறந்திருக்கிறது. தண்ணீர் குடித்தால் சுரீர் என்கிறது. பல் நீளமாகத் தெரிகிறது. கல்லை உருவியாகிவிட்டது, வண்டி உருளப் போகிறது, மச்சான் ஜெயித்துவிட்டார் என்றே முடிவு பண்ணினேன். உங்களிடம் சொல்லாமல் மறைத்தேன். அன்று சாயந்தரம் நீங்களே கேட்டீர்கள்.

"நாக்கு சந்துல போயிட்டு போயிட்டு வருதுங்களா?"

"...ஆமாங்க."

"கல்லு அடைச்சிருந்த எடம் அது. வீக்கமும் வத்துதல்லொ, அதான் எடம் தெரியுது. ஒரு பதினஞ்சு நாளு பொறுங்க, ஈறு இறுக்கிப் புடிக்கும். பந்தயத்துல அவசரப்படக் கூடாதுங்க."

மச்சான், அந்த இடத்திலாவது எனக்குப் பொறி தட்டியிருக்க வேண்டும். பந்தயத்தில் எதிராளிக்கு யாராவது தைரியம் சொல்வார்களா? எட்டாவதைப் பாதியில் விட்டவன் புத்தி வேறெப்படி இருக்கும்? உங்களுக்குப் பேச வேறு ஆளில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

ஆறு மாதம் முடிந்தது. ஒரு பல் விழவில்லை. கொய்யாவைக் கடித்தேன், வெள்ளைக் கொய்யா வெள்ளையாகவே இருந்தது. ஸ்டாண்டு பக்கத்து சலூனில் நாற்காலி போட்டு, டிரைவர், கிளீனர், பஞ்சர் ஒட்டுகிறவர் எல்லோரும் சுற்றி நிற்க, நீங்கள் ஸ்டியரிங் முன்னால் உட்காருகிற மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்தீர்கள். சலூன்காரர் கத்தியைப் பிடித்துக்கொண்டு தயங்கினார்.

"ஏனுங்க கவுண்டரே, உங்க அய்யன் கருமாதிக்கு எடுத்ததோட செரி. அதுக்கப்பறம் இதுல நா கத்தி வெச்சதே இல்லீங்களே."

"வையுங்க. வாக்குக் குடுத்தாச்சு. மாப்ள, பக்கத்துல வந்து நின்னு நல்லாப் பாருங்க. பொறவு பாக்கலீன்னு சொல்லிப்போடாதீங்க."

ஒரு பக்கம் எடுத்ததுமே நான் சிரிக்க ஆரம்பித்துவிட்டேன். மறு பக்கம் எடுத்ததும் நீங்களே கண்ணாடியைப் பார்த்துச் சிரித்து, செட்டு நழுவி, கையில் பிடித்துக்கொண்டு, அதற்கும் சிரித்தீர்கள். வீட்டுக்குப் போனால் உங்கள் வீட்டுக்காரி, நம்ம அக்கா, முறத்தைப் போட்டுவிட்டு அலறினாள். "யாருக்குங்க கருமாதி? எனக்குச் சொல்லாம யாரு போயிட்டாங்க?" உங்களைப் பார்த்து அழுதுகொண்டே, சமாசாரம் தெரிந்த பிறகு என்னைப் பார்த்துத் திட்டினாள். மீசை பழையபடி வளரும்வரை உங்களுக்குச் சோற்றை நகர்த்தி வைத்தாளே தவிர, பேசவில்லை.

நான் எவ்வளவு ஆட்டம் போட்டேன்! கல்யாண வீடு, சந்தை, பஸ் என்று பார்த்தவர்களிடமெல்லாம் மச்சான் மீசையை எடுத்த கதையைச் சொன்னேன். உங்கள் தங்கச்சியிடம் மட்டும் ஒரு நூறு தடவை சொல்லியிருப்பேன். "அது உங்க ராசிங்க, எங்கண்ணன் சொன்னது சொன்னதுதான்" என்பாள். நீங்கள் ஒரு தடவைகூட மறுத்துப் பேசவில்லை. "செயிச்சவரு பேசட்டுமுங்க" என்று மட்டும் சொல்லுவீர்கள்.

நீங்கள் போன பிறகு டாக்டரம்மாவிடம் பல் காட்டப் போனேன். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை போகிற வழக்கம்தான். அவர் என் வாயைப் பார்ப்பதற்கு முன்னால் முகத்தைப் பார்த்தார்.

"இனிமே உங்க மச்சான் ஃபோன் வராதுங்கல்ல ஐயா?"

"அவரு எதுக்குங்க உங்களுக்கு ஃபோன் போட்டாரு?"

அவருக்கு அப்புறம்தான் தெரிந்தது எனக்கு ஒன்றும் தெரியாது என்று. கொஞ்ச நேரம் கையுறையை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார். செட்டுக்கு அளவு கொடுக்க வந்த அன்றே நீங்கள் உங்கள் கல்லுக் கதையை அவரிடமும் சொல்லியிருக்கிறீர்கள். அவர், முன்னால் பல்லைச் சுத்தம் பண்ணின இடத்தில் உங்களுக்கு எடுத்துக் கொடுத்த பழைய எக்ஸ்ரேவை வெளிச்சத்தில் பிடித்து, எலும்பு எப்போதோ கரைந்துபோனதைக் காட்டியிருக்கிறார். பல் விழுந்தது சுத்தம் பண்ணியதால் இல்லை, சுத்தம் பண்ணாமல் விட்ட வருஷங்களால், கடைசியில் அந்தக் கல் ஒன்றுதான் பல்லை ஒட்டிப் பிடித்துக்கொண்டிருந்தது என்று சொல்லியிருக்கிறார். நீங்கள் அந்த எக்ஸ்ரேவைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தீர்களாம். அப்புறம் கேட்டீர்களாம்:

"எங்க மாப்ள ஒருத்தரு இருக்காருங்க. அவருக்கும் ரத்தம் வருது. இப்ப வந்தா நிக்குமுங்களா?"

"கூட்டிட்டு வாங்க, பாக்கலாம்."

"கூப்புட்டா வரமாட்டாருங்க. போகாதீங்கன்னு சொன்னாத்தான் வருவாரு. நா சொன்னேன்னு மட்டும் சொல்லிப்போடாதீங்கம்மா."

காது குத்துக்கு முந்தின மாதமே இது நடந்திருக்கிறது. மாதம் ஒரு தடவை அவருக்கு ஃபோன் போட்டு, மாப்ள வந்தாருங்களா, பீடி வாசம் அடிக்குதா என்று கேட்டிருக்கிறீர்கள். பயந்தாரா என்று கேட்டு, பல் சந்து விஷயத்தையும் முன்கூட்டியே தெரிந்துகொண்டுதான் எனக்குத் தைரியம் சொன்னீர்கள். தோற்க வேண்டும் என்றே பந்தயம் கட்டிய ஆளை நான் உங்களைத் தவிர வேறு யாரையும் பார்த்ததில்லை.

அன்று மாடிப்படி இறங்கி நேரே அதே சலூனுக்குப் போனேன். என் மீசையை எடுக்கச் சொன்னேன். நியாயமாகத் தோற்றவன் நான்தானே. உங்கள் தங்கச்சி ஏனென்று கேட்டாள். வெயிலுக்கு என்று சொல்லிவிட்டேன். உண்மையைச் சொன்னால், இத்தனை வருஷம் ஜெயித்தேன் ஜெயித்தேன் என்று குதித்ததெல்லாம் என்னாவது? அந்தக் கௌரவத்தைக் காப்பாற்றத்தான் வாயை மூடிக்கொண்டேன். நீங்களும் ஸ்டாண்டில் சொன்ன பேச்சைத் திரும்ப வாங்க வெட்கப்பட்டு, என்னை மட்டும் பின்வாசல் வழியாகக் காப்பாற்றிவிட்டுப் போய்விட்டீர்கள். உங்கள் தங்கச்சிக்கு முன்வாசலில் நீங்கள் வைத்த கல் அப்படியே கிடக்கிறது.

எனக்கு உங்களால் மிச்சம் இருபத்து மூன்று பல். இப்போதும் சாயந்தரம் சாப்பிட்டு எழுந்தால் கை தானாகச் சட்டைப்பையில் ஃபோனைத் தொடும். அடிக்காது. "இன்னிக்கும் விழலீங்க மச்சான்" என்று சுவரைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போய் விளக்குவேன். சோகமாகச் சொல்லுவேன் என்று நினைக்காதீர்கள். ராகம் போட்டு, உங்களுக்கு எரிச்சல் வருகிற மாதிரிதான் சொல்லுவேன்.

இதுவரை எழுதியதை மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு உங்கள் தங்கச்சிக்குப் படித்துக் காட்டினேன். வாசலில் உட்கார்ந்து கடலைக்காய் உரித்துக்கொண்டிருந்தாள். டீக்கடைப் பன்னுக்குச் சிரித்தாள். அக்கா முறத்தைப் போட்டதற்குக் கண்ணில் நீர் வரச் சிரித்தாள். டாக்டரம்மா சொன்ன இடம் வந்ததும் உரிக்கிற கை நின்றுவிட்டது.

"எங்கண்ணனே போயிக் கேட்டுச்சா?"

"ஆமா புள்ள."

"கல்லை எடுத்தா விழாதுன்னு எங்கண்ணனுக்குத் தெரியுமா?"

"என்னைய அனுப்பறதுக்கு முன்னாலயே தெரியும்."

"அன்னிக்கு நீங்க மீசை எடுத்தது வெயிலுக்கில்ல?"

"இல்ல."

அழுவாள் என்று எதிர்பார்த்தேன் மச்சான். அவள் மடியிலிருந்த கடலைக்காயை முறத்தில் கொட்டிவிட்டு நிமிர்ந்தாள்.

"அட கெரகத்த! எங்கண்ணன் மீசைக்கும் உங்க மீசைக்கும் நடுவால என்ற பல்லு கெடந்து ஆடுதா? ஆம்பளைக ரெண்டு பேரும் தோத்தேன் ஜெயிச்சேன்னு வௌயாடறதுக்கு என்ற வாய்தான் கெடைச்சுதா?"

"நா சொல்ல வந்தது என்னன்னா புள்ள, இப்பவே போனா..."

"எத்தன மணிக்குங்க அந்தம்மா வரும்?"

"நாலு மணிக்கு. இரு, இன்னும் ரெண்டு பக்கம் இருக்குது. உங்கண்ணனைப் பத்தி ஒசத்தியா ஒண்ணு எழுதி வெச்சிருக்கறேன், அதையுங் கேட்டுட்டு..."

உள்ளே போனாள். சேலை மாற்றுகிற சத்தம், சொம்பு சத்தம், அப்புறம் ரொம்ப நேரம் வாய் கொப்பளிக்கிற சத்தம். சர்க்கரை மாத்திரைச் சீட்டைப் பையில் வைத்துக்கொண்டு வெளியே வந்தாள். என்னைத் தாண்டிக்கொண்டு வாசல்படி இறங்கினாள். நான் நின்றுகொண்டே அடுத்த பக்கத்தைச் சத்தமாகப் படிக்க ஆரம்பித்தேன். அவள் கேட்டைத் திறந்து போய்க்கொண்டே இருந்தாள்.

"இன்னும் முடியலே புள்ள, கடைசிப் பக்கந்தான் நல்லாருக்கும்!" என்று கத்தினேன்.

"எங்கண்ணனுக்கு எழுதுனதை எங்கண்ணனுக்கே படிச்சுக் காட்டுங்க. எனக்கு மூணரை பஸ்ஸு போயிரும்."

சொல்லும்போது அவள் திரும்பிப் பார்க்கக்கூட இல்லை.